ஸ்லோலிக்கு என்ன நிறம்?

"ஸ்லோலி" என்ற சொல்லுக்குக் கீழே ஒட்டியிருந்த பச்சை டேப்பை எலக்ட்ரீஷியன் நகத்தால் மெல்ல உரித்துவிட்டு, மஞ்சள் டேப்பை ஒட்டினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். மஞ்சளும் மனதுக்கு ஒட்டவில்லை.

சாப்பாட்டு மேசை மேல் கிடந்த தாளில் பத்து இங்கிலீஷ் வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொரு சொல்லும் எந்த ஜாதிச் சொல் என்று கண்டுபிடித்து, அதன் கீழே அதற்குரிய நிறத்தில் கோடு போட வேண்டும். நவுனுக்குச் சிவப்பு, வெர்புக்கு நீலம், அட்ஜெக்டிவுக்குப் பச்சை, அட்வெர்புக்கு மஞ்சள், பிரிபொசிஷனுக்குக் கறுப்பு என்று தாளின் தலைப்பிலேயே அச்சிட்டிருந்தது. மகளுடைய ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சர் வாரம் தவறாமல் இப்படி ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். இது நாலாவது தாள்.

முதல் தாளைக் கொண்டுவந்து, "அப்பா, இதைப் போட்டுத் தர்றீங்களா?" என்று மகள் கேட்ட அன்றே, "தெரியாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். ஆனால் வாய் சும்மா இருக்க வேண்டுமே!

"இங்கிலீஷா? அப்பாவுக்கு அது தண்ணி பட்ட பாடு. கொண்டா இப்படி" என்று சொல்லிவிட்டார்.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வயர் பெட்டியிலிருந்து வந்தது. டேஞ்சர், கீப் ட்ரை, ஹேண்டில் வித் கேர். சுவிட்ச் வாங்கினால்கூட உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டை எடுத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் சுவிட்சை வெளியே எடுப்பார். படித்தது புரிந்ததா என்பது வேறு விஷயம்.

முதல் வாரம் அவர் தொழில்முறையில் யோசித்தார். வாக்கியத்தில் வெர்ப்தான் கரண்ட். அது இல்லாவிட்டால் எதுவும் ஓடாது. கரண்ட் வருகிற வயருக்கு என்ன நிறம்? சிவப்பு. ஆகவே தாள் சொன்ன நிறத்தை ஒதுக்கிவிட்டு எல்லா வெர்புக்கும் சிவப்பை இழுத்துவிட்டார். பத்துக்கு இரண்டு மார்க் வந்தது. இரண்டாம் வாரம் அழித்து அழித்து எழுதியதில் தாள் சல்லடையாகிவிட்டது. மூன்று மார்க், கூடவே டீச்சர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "தாளைக் கிழிக்காமல் செய்யவும்." அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. பென்சில் கோடு போட்டால்தானே அழிக்க வேண்டும்? இன்சுலேஷன் டேப்பை நூல் போல மெல்லிசாக வெட்டி ஒட்டினால்? தப்பென்றால் உரித்துக்கொள்ளலாம். ஐந்து நிறமும் பையிலேயே இருக்கிறது! மூன்றாம் வாரம் நான்கு மார்க்.

ஒவ்வொரு தடவையும் மகள்தான் அவரைத் தேற்றினாள்.

"நாலுப்பா! போன வாரத்தை விட ஒண்ணு ஜாஸ்தி. நல்லா வருது" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

பிள்ளைக்கு என்ன பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார். அவள் மார்க்கைக் குழிதோண்டிப் புதைத்துக்கொண்டிருப்பவர் அவர். அவளோ அவருக்கு ஆறுதல் சொல்கிறாள்!

இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. அன்று மாலை பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவில் ஒரு செய்தி வந்தது. இந்த வாரத் தாளில் ஐந்துக்குக் கீழே எடுக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை காலை சிறப்பு வகுப்பு, கட்டாயம் வர வேண்டும். அதே சனிக்கிழமை காலைதான் மகளுக்கு நீச்சல் போட்டி. அவள் வாழ்க்கையில் முதல் போட்டி. ஆறு மாதமாக விடிவதற்கு முன்னால் எழுந்து, பல் கிடுகிடுக்கக் குளத்தில் இறங்கிப் பழகியிருக்கிறாள். வீட்டில் அவளுக்கு மீன்குட்டி என்றே பெயர். தன் வாய்க்கொழுப்பால் மீன்குட்டி தண்ணீரில் இறங்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கப் போகிறாளே என்று நினைத்ததும் எலக்ட்ரீஷியனுக்கு ஷாக் அடித்தது போல் இருந்தது. உண்மையான ஷாக்கை அவர் இத்தனை பொருட்படுத்தியதில்லை.

அவர் கணக்குப்படி நாலு வாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு சரி. ஐந்து வாக்கியம் கண்ணைத் திறந்து பார்த்தாலும் தப்பு. மிச்சம் இருப்பது ஏழாவது வாக்கியம். "தி ஓல்ட் மேன் வாக்டு ஸ்லோலி டு தி ஸ்டேஷன்." ஒரு கிழவர் மெதுவாக ஸ்டேஷனுக்கு நடந்து போகிறார். அந்தக் கிழவர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஐந்தாவது மார்க்.

"அந்த ஆளு ஆட்டோ பிடிச்சுப் போயிருந்தா எனக்கு இந்தத் தலைவலியே இல்ல" என்று முணுமுணுத்தார்.

மருந்துக் கடை வேலையிலிருந்து வந்த மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். டாக்டர்களின் கையெழுத்தையே தலைகீழாக வைத்துப் படிக்கிறவள் அவள்.

"இதுல என்னங்க குழப்பம்? எப்படி நடந்தாரு? மெதுவா நடந்தாரு. நடக்கறதைப் பத்தித்தானே சொல்லுது? அட்வெர்ப். மஞ்சள்."

"அவ்வளவு சுலபமாவா கேப்பாங்க?"

"சந்தேகமா இருந்தா உள்ள உக்காந்திருக்காளே உங்க பொண்ணு, அவளையே கேக்கறதுதானே?"

"அவளையா? அப்புறம் என் மானம் என்னத்துக்கு ஆகறது?"

"மானமா? அது முதல் வாரம் ரெண்டு மார்க் வந்தப்பவே போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.

மனைவி சொன்னதை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இரண்டாவது அபிப்பிராயம் ஒன்று கேட்டு வைப்பது நல்லது அல்லவா? மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார். மச்சான் கூரியர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். தெரியாத விஷயத்தை அவன் சொல்லும்போதுதான் குரல் இன்னும் கணீரென்று இருக்கும்.

"மாமா, நல்லாக் கேட்டுக்கோங்க. மெதுவாங்கறது என்ன? ஒரு குணம்."

"ஆமா."

"குணம்னா அட்ஜெக்டிவ். பச்சை. கண்ணை மூடிட்டு ஒட்டுங்க."

"உங்க அக்கா மஞ்சள்னு சொல்றாளே!"

"அக்கா அப்படித்தான். எங்க வீட்டுல இங்கிலீஷ்னா நான்தான்."

மஞ்சள் உரிந்து பச்சை ஏறியது. பத்து நிமிடம் கழித்து மச்சானே திரும்பக் கூப்பிட்டான்.

"மாமா, ஒரு சின்ன திருத்தம். கிழவர்தானே மெதுவா போறாரு? அப்ப அது கிழவரோட சேர்த்தி. கிழவர் நவுன்னா அதுவும் நவுன்தான். சிவப்பு போட்டுடுங்க."

பச்சை போய்ச் சிவப்பு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவருக்கே சந்தேகம் வந்து சிவப்பு போய்ப் பச்சை திரும்பி வந்தது. மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் தாளை ஓரக்கண்ணால் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவசரமே இல்லப்பா. நல்லா யோசிச்சுப் போடுங்க."

"மீன்குட்டி, சனிக்கிழமை போட்டியை நினைச்சுக் கவலைப்படறியா?"

"நான் ஏன்பா கவலைப்படணும்?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பிள்ளை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, உள்ளுக்குள் எவ்வளவு வேதனையோ என்று அவர் உருகினார்.

மறுநாள் வியாழக்கிழமை. தாளை மடிக்காமல் அட்டைக்குள் வைத்துப் பையில் எடுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை காலைக்குள் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு அவருக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை. நோயாளி நாற்காலிக்கு மேலே இருக்கும் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. அதைச் சரி செய்து கீழே இறங்கியவர், டாக்டர் படித்தவர்தானே என்று தாளை நீட்டினார்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இந்த ஸ்லோலி எந்த வகை?"

"எனக்கு முப்பத்திரண்டு பல்லோட பேரு தெரியும், இதெல்லாம் மறந்து போச்சே" என்று டாக்டர் சிரித்தார். பிறகு நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவரைக் காட்டினார். "ஆனா உங்களுக்கு இன்னைக்கு நல்ல நேரம். இவர் யார் தெரியுமா? காலேஜ்ல இங்கிலீஷ் புரொஃபசர். இருபத்தஞ்சு வருஷமா இலக்கணம் எடுக்கறாரு."

எலக்ட்ரீஷியன் புரொஃபசரின் முகத்துக்கு நேராகத் தாளைப் பிடித்தார். புரொஃபசரின் கண்கள் ஒளிர்ந்தன. வாய் நிறையப் பஞ்சு.

"ஆ... ஆவ்... ஆவ்வே!"

"வலிக்குதா சார்?" என்று டாக்டர் பதறி, இன்னொரு ஊசியைப் போட்டுவிட்டார்.

அதற்கு மேல் புரொஃபசருக்கு நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனாலும் ஆசிரியர் இல்லையா, கேள்வி கேட்டவனை விட மனசு வருமா? கையை நீட்டி, பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த டேப் சுருள்களில் மஞ்சளைத் தட்டித் தட்டிக் காட்டினார். மூன்று முறை காட்டினார்.

"மஞ்சளா? என் பொண்டாட்டி சொன்ன மஞ்சளா?"

புரொஃபசர் தலையை ஆட்டினார்.

எலக்ட்ரீஷியன் சந்தோஷத்தில் பச்சை டேப்பைச் சரக்கென்று உரித்தார். அங்கேதான் தவறு நடந்தது. எத்தனை முறைதான் உரிப்பதை ஒரு தாள் தாங்கும்? டேப்போடு "ஸ்லோலி" மொத்தமும் உரிந்து வந்துவிட்டது. தாளில் கிழவர் இருந்தார், ஸ்டேஷன் இருந்தது, நடுவில் ஓர் ஓட்டை. ஸ்லோலி அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயையோ!"

"பதறாதீங்க" என்றார் டாக்டர். "பல்லையே ஒட்டறோம், பேப்பரை ஒட்ட மாட்டோமா?"

அடுத்த இரண்டு நிமிடத்தில் நடந்ததை எலக்ட்ரீஷியனால் தடுக்க முடியவில்லை. டாக்டர் ஒரு சின்னக் கரண்டியில் வெள்ளைப் பசையை எடுத்து ஓட்டையைச் சுற்றி அப்பினார். கட்டைவிரலிலிருந்து ஸ்லோலியை இடுக்கியால் பிடுங்கி அதன் மேல் வைத்தார். நீல விளக்கை எடுத்துப் பத்து விநாடி காட்டினார். பசை கல்லாக இறுகியது. சொல் தலைகீழாக ஒட்டியிருந்தது. டாக்டருடைய கையுறையின் நுனியும் அதோடு சேர்ந்து இறுகிவிட்டதால், கத்தரியால் கையுறையை வெட்டித்தான் டாக்டரையும் தாளையும் பிரித்தார்கள். ஏழாவது வாக்கியத்தின் நடுவில் இப்போது பளபளவென்று ஒரு கடைவாய்ப் பல் முளைத்திருந்தது.

"கடிச்சாக்கூட உடையாது" என்றார் டாக்டர் பெருமையாக.

புரொஃபசர் பாதி முகத்தால் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பக்கம்தான் மரத்துப் போகாமல் இருந்தது.

எலக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளிடம் இந்தத் தாளை எந்த முகத்தோடு கொடுப்பது? "தாளைக் கிழிக்காமல் செய்யவும்" என்று எழுதிய டீச்சர் இதைப் பார்த்தால் என்ன எழுதுவார்? ஒரே வழிதான் பாக்கி. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, டீச்சர் காலில் விழுந்தாவது புதுத் தாள் ஒன்று வாங்குவது, ஸ்லோலிக்கு மஞ்சள் போட்டு மகளுக்குத் தெரியாமல் அவள் பையில் வைத்துவிடுவது.

பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது மணி மூன்றரை தாண்டியிருந்தது. காவலாளி அவருடைய பையையும் ஏணியையும் பார்த்ததும் ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"பெல் ரிப்பேருக்குத்தானே? காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் வழி மேல விழி வச்சு நிக்கறேன். ஒவ்வொரு வகுப்பா நானே போய்க் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு."

எலக்ட்ரீஷியன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே போனால் போதும் என்று நடந்தார். காவலாளி விடவில்லை. நேரே மணிப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

கண்ணெதிரே பெட்டி திறந்து கிடந்தால் எந்த எலக்ட்ரீஷியனுக்குக் கை சும்மா இருக்கும்? ஒரு வயர் கழன்று தொங்கியது. ஒரு நொடி வேலைதான். மாட்டினார். காலையில் மணி அடிக்கவில்லையே என்று யாரோ பொத்தானை ஓங்கி அமுக்கியதில் அது உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்த விஷயம் அவருக்குத் தெரியாது. வயர் சேர்ந்ததுதான் தாமதம், நாலு மணிக்கு அடிக்க வேண்டிய மணி மூணே முக்காலுக்கு அலறியது.

அறுநூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் "ஹே!" என்று கத்தினார்கள். கதவுகள் படபடவெனத் திறந்தன. "இன்னும் நேரம் ஆகலை, உக்காருங்க!" என்று எங்கேயோ ஒரு ஆசிரியர் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். கூட்டத்தில் மகள் நீச்சல் பையை ஆட்டிக்கொண்டு பறந்து வருவதைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியன் பெட்டிக் கதவுக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டார்.

"கைராசிக்காரர்யா நீங்க!" என்று காவலாளி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

கூட்டம் ஓய்ந்ததும் ஆறாம் வகுப்பைத் தேடிப் போனார். டீச்சர் காலி வகுப்பில் கையில் சாக்பீஸோடு நின்றிருந்தார். கரும்பலகையில் பாதி வாக்கியம் இருந்தது. எழுதத் திரும்பிய நேரத்தில் வகுப்பே காணாமல் போய்விட்ட திகைப்பு இன்னும் அவர் முகத்திலிருந்து போகவில்லை.

"மிஸ், நான்..." என்று ஆரம்பித்து, மகள் யாரென்று சொன்னார். தாளை மேசை மேல் வைத்தார். அது டக் என்று சத்தம் போட்டது.

டீச்சர் தாளைத் தூக்கிப் பார்த்தார். பல்லைத் தட்டிப் பார்த்தார். கையுறை நுனியை இழுத்துப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"ஸ்லோலி, மிஸ்."

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது.

"மிஸ், பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. இவ்வளவு நாளும் இந்தத் தாளெல்லாம் போட்டது நான்தான். அவ பெரிய படிப்பாளி, நான்தான் கெடுத்தேன். தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு பெரிய இவனாட்டம் வாங்கி வாங்கிப் போட்டேன். ரெண்டு, மூணு, நாலுன்னு அவ மார்க்கையே நாசம் பண்ணிட்டேன். இன்னொரு தாள் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. சனிக்கிழமை மட்டும் அவளைச் சிறப்பு வகுப்புல உக்கார வைக்காதீங்க. அவளுக்கு நீச்சல் போட்டி இருக்கு. ஆறு மாசமா அதுக்காகவே உசுரை விடறா, மிஸ்."

சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பின் குத்திய நான்கு தாள்களை எடுத்து அவர் முன்னால் விரித்தார். கோடுகள் எல்லாம் பென்சிலில், அளவுகோல் வைத்து இழுத்தது போல் நேராக இருந்தன. நான்கிலும் மேல் மூலையில் பத்துக்குப் பத்து.

"இதுதாங்க உங்க பொண்ணோட தாள், வகுப்புலயே போட்டுக் குடுத்துடுவா," என்றார் டீச்சர் சிரித்துக்கொண்டே. "'எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கக் கொள்ளை ஆசை, வெளிய சொல்லத்தான் கூச்சம், அவருக்கும் ஒண்ணு குடுங்க மிஸ்'னு வாராவாரம் தனியா ஒரு தாள் கேட்டு வாங்கிட்டுப் போறா, அந்த ரெண்டும் மூணும் நாலும் நீங்க வாங்கின மார்க்குங்க!"